சிகாகோ 19-ஆவது வார்டு, 1902: ஒரு டைபாய்டு வரைபடம் காட்டியதும் விட்டதும்

தெருத்தெருவாக நடந்து, வீடுவீடாகக் கேட்டு, யாருக்கு எங்கே என்ன நோய் என்று வரைபடத்தில் குறிக்கும் வேலையை இப்போது பல ஊர்களில் செய்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் லண்டன் பிராட் தெரு அடிகுழாய் கதைதான் வழக்கமாக வரும். 1854-இல் காலரா பரவியது, சாவுகளை வரைபடத்தில் குறித்தார்கள், குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நல்ல கதைதான். ஆனால் களத்தில் இறங்குபவர்களுக்கு அதைவிட உதவக்கூடியது சிகாகோவில் நடந்தது. அங்கே வரைபடத்தைச் சரியாகப் போட்டார்கள். அதிலிருந்து கண்ட காரணம் தவறிப்போனது. ஆனாலும் பல பேருடைய நாற்காலி ஆட்டம் கண்டது. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

பொதுவெளியில் நன்கு அறியப்பட்ட சிலரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். குடியிருந்தவர்கள், வீட்டுக்காரர்கள், நகராட்சி ஆய்வாளர்கள் எல்லோரும் பெயரில்லாமலே வருவார்கள்.

பின்னணி

சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஹால்ஸ்டெட் தெருவை ஒட்டியது 19-ஆவது வார்டு. 1890களில் அங்கே சுமார் 50,000 பேர் இருந்தார்கள். இத்தாலி, அயர்லாந்து, ரஷ்யா, போலந்து, போஹேமியா என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் இந்தத் தெருவில் ஒரு பழைய பங்களாவில் 'ஹல் ஹவுஸ்' என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். படித்த, வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைத் தெருவிலேயே வந்து தங்கி, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பது ஏற்பாடு.

வீடுகள் இருந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வருவது புரியாது. சிகாகோவில் ஒரு மனை பொதுவாக 25 அடி அகலம், 125 அடி நீளம். தெருவைப் பார்த்து ஒரு மரவீடு. அதற்குப் பின்னால் அதே மனையில் இன்னொன்று. சில மனைகளில் பின்பக்கச் சந்து ஓரமாக மூன்றாவதும் இருக்கும். ஒவ்வொன்றிலும் பல குடித்தனங்கள். பல வீடுகளுக்குத் தண்ணீர் என்றால் கொல்லையில் இருக்கும் ஒரே குழாய்தான். நூற்றுக்கணக்கான வீடுகளுக்குத் தெருவில் ஓடும் பாதாளச் சாக்கடையோடு இணைப்பே கிடையாது. கக்கூஸ் கொல்லையில் தோண்டிய குழி. குப்பையும் சாம்பலும் தெருவோரத்தில் தரையோடு அறைந்துவைத்த பெரிய மரப்பெட்டிகளில் கிடக்கும். குழந்தைகள் அந்தப் பெட்டிகளின் மேல் ஏறி விளையாடுவார்கள்.

தண்ணீர் நகரம் முழுவதற்கும் மிச்சிகன் ஏரியிலிருந்து வந்தது. சாக்கடை ஆற்றில் விழுந்து, ஆறு அதே ஏரியில் கலந்தது. 1891-இல் சிகாகோவில் ஒரு லட்சம் பேருக்கு 174 பேர் டைபாய்டில் இறந்தார்கள் என்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1900 ஜனவரியில் கால்வாய் வெட்டி ஆற்றின் போக்கையே திருப்பி, சாக்கடையை ஏரிக்கு எதிர்ப்பக்கம் அனுப்பினார்கள். இனிமேல் டைபாய்டு அடங்கிவிடும் என்று நகரம் நம்பியது.

1893: முதல் வரைபடங்கள்

பெருநகரச் சேரிகளைப் பற்றி அமெரிக்க மத்திய அரசின் தொழிலாளர் துறை 1893-இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சிகாகோவில் அதற்குப் பொறுப்பு ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி. ஹல் ஹவுஸுக்குக் கிழக்கே, சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பகுதியில் கணக்கெடுப்பாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். நிரப்பிய படிவங்கள் வாஷிங்டனுக்குப் போவதற்கு முன்னால் ஹல் ஹவுஸ்காரர்கள் அவற்றை நகல் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு காரியம் இல்லாமல் இருந்திருந்தால் விவரம் முழுவதும் தலைநகரத்துக் கோப்பில் முடங்கி, அறிக்கையின் அட்டவணையில் கரைந்துபோயிருக்கும். தெருவைப் பற்றிய தகவல் தெருவிலேயே தங்கியதால்தான் அதை வரைபடமாக்க முடிந்தது.

இரண்டு வரைபடங்கள் போட்டார்கள். ஒன்றில் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பது. பதினெட்டு நாட்டினர் அந்தச் சிறு பகுதியில் இருந்தார்கள். மற்றொன்றில் குடும்பத்தின் வாரக் கூலி. 5 டாலரும் அதற்குக் கீழும் கருப்பு, 5 முதல் 10 வரை நீலம், 20-க்கு மேல் மஞ்சள், இடையில் சிவப்பும் பச்சையும். லண்டனில் சார்லஸ் பூத் போட்ட வறுமை வரைபடம்தான் முன்மாதிரி. ஆனால் அவர் பெரும்பாலும் தெருவை ஓர் அலகாக எடுத்து நிறம் கொடுத்தார். இவர்கள் மனை மனையாகக் கொடுத்தார்கள். தெருமுகப்பில் மஞ்சளும் அதே மனையின் பின்கட்டில் கருப்பும் இருந்தால் அது மறையாமல் தெரிந்தது. 1895-இல் புத்தகமாக வந்தது.

இந்த வரைபடங்களில் நோய் இல்லை. ஆனால் எழுதியவர்கள் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். ஏழைகளின் வாழ்க்கையை இப்படித் துருவித்துருவிக் கேட்பது பொறுத்துக்கொள்ளக்கூடியதே இல்லை, இதைப் பார்த்துப் பொதுமக்களின் மனசாட்சி விழித்து நிலைமை மாறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அதை நியாயப்படுத்துகிறது என்றார்கள். இன்று டேப்லெட்டோடு வீட்டுக்குள் நுழையும் எத்தனை கணக்கெடுப்புகளில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது உண்டு.

சந்துகளும் குப்பையும்

வார்டின் இறப்பு விகிதம் நகரத்தின் மோசமான வார்டுகளின் வரிசையில் மூன்றாவதாக இருந்தது. குப்பை அள்ளுவதில் உள்ள கோளாறு இதற்கு ஒரு காரணம் என்று ஹல் ஹவுஸ்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் நினைத்ததை நகராட்சியிடம் சொன்னால் போதாது. எந்தச் சந்தில், எந்த வீட்டுக்குப் பின்னால், என்றைக்கு என்று சொல்ல வேண்டும்.

அங்கே இயங்கிய மகளிர் மன்றத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்கள். 'கிராமத்தில் வீட்டு வாசலைப் பெருக்கினால் போதும், மீதியை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். இங்கே குப்பையை அள்ளாவிட்டால் உங்கள் பிள்ளைகள்தான் படுப்பார்கள்' என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். கோடை காலத்து மாலைகளில், பகல் முழுக்க உழைத்துவிட்டு, துர்நாற்றம் பிடித்த சந்துகளில் நடந்து குறித்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்குப் போன, ஆதாரத்தோடு கூடிய விதிமீறல் புகார்கள் 1,037.

புகாரால் வேலை நடக்கவில்லை. அப்புறம் ஆடம்ஸ் அந்த வார்டின் குப்பை ஒப்பந்தத்துக்கே விண்ணப்பம் போட்டார். அது ஏதோ தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தள்ளப்பட்டது. ஆனால் அந்தப் பரபரப்பில் மேயர் 1895-இல் அவரையே வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். காலை ஆறு மணிக்கு எழுந்து, ஆட்கள் வேலைக்கு வந்தார்களா என்று பார்த்து, வண்டிகள் நிரம்பியதும் கொட்டுமிடம் வரை பின்னாலேயே போவது வேலை. ஒப்பந்ததாரர் வைத்திருந்த ஒன்பது வண்டிகளை முதலில் பதின்மூன்றாகவும், பிறகு பதினேழாகவும் கூட்டச் சொன்னார். ஒவ்வொரு வண்டிக்கும் தனக்கு நஷ்டம்தான் என்றும், முன்பிருந்த ஆய்வாளர் ஏழோடு விட்டுவிட்டார் என்றும் ஒப்பந்ததாரர் புலம்பினார்.

ஒரு குறுகிய தெருவில் குப்பையை வழித்துக்கொண்டே போனபோது பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே தளம் போட்ட சாலை இருந்தது. அந்தத் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு தளம் இருந்ததே தெரியாது. கண்டுபிடித்த பிறகு நகராட்சிப் பதிவேட்டைப் புரட்டினால், அங்கே அது ஒழுங்காக எழுதியிருந்தது.

வார்டின் இறப்பு வரிசை மூன்றிலிருந்து ஏழுக்கு இறங்கியது. ஆடம்ஸ் அதைக் குப்பையின் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்துதான் என்றே சொன்னார். ஆனால் வார்டு கவுன்சிலருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. குப்பை ஆய்வாளர் பதவி என்பது தன் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய பதவி. சில ஆண்டுகளில் அந்தப் பதவியே இல்லாமல் ஆக்கப்பட்டது.

1902 கோடை: என்ன தெரிந்தது

ஜூலை முதல் செப்டம்பர் வரை சிகாகோவில் டைபாய்டு கடுமையாகப் பரவியது. நகரத்தின் மக்கள்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் 19-ஆவது வார்டு. டைபாய்டுச் சாவுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அங்கே. கணக்குப் போட்டால், நகரச் சராசரியைப் போல ஆறு மடங்கு. இந்த வார்டை விட்டுவிட்டு மீதி நகரத்தோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு.

இப்படி ஓர் எண் வந்ததும் வழக்கமாக என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். அந்த மக்களுக்குச் சுத்தம் தெரியாது, படிப்பு இல்லை, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதில்லை. சிகாகோவிலும் இதற்குக் குறைவில்லை. ஹல் ஹவுஸ் தரப்பு அந்தப் பதிலை ஏற்கவில்லை. ஏழ்மையிலும் படிப்பிலும் இதே நிலையில் நகரத்தில் வேறு பகுதிகளும் இருந்தன. அங்கே இவ்வளவு இல்லை. குடிநீரும் பாலும் உணவும்கூட இந்த வார்டுக்குத் தனியாக வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் வார்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று வேறாக இருக்க வேண்டும். கேள்வியை இப்படி நிறுத்தியது நல்ல வேலை. ஆனால் குடிநீரைப் பட்டியலிலிருந்து எடுத்த இடம்தான் பின்னால் உதைத்தது.

ஹல் ஹவுஸில் 1897 முதல் தங்கியிருந்த ஆலிஸ் ஹாமில்டன் நோய்க்குறியியல் படித்த மருத்துவர். விடுமுறை முடிந்து இலையுதிர் காலத்தில் திரும்பியபோது தெருவெல்லாம் டைபாய்டு. அவர் தெருக்களிலும் கொல்லைகளிலும் நடந்து பார்த்தார். சட்டப்படி தடைசெய்யப்பட்ட குழிக் கக்கூஸ்கள் அப்படியே இருந்தன. சில கொல்லைகள் தெருமட்டத்தைவிடப் பள்ளம். பெருமழையில் குழி நிரம்பி வழியும். வீட்டுக்குள் இருந்த கழிப்பறைகளும் நான்கு குடித்தனத்துக்கு ஒன்று. கழுவவோ பழுதுபார்க்கவோ யாருக்கும் பொறுப்பில்லை. எங்கு பார்த்தாலும் ஈ.

அதே தெருக்களைப் பற்றிய இன்னொரு விவரமும் பதிவில் இருக்கிறது. அந்தப் பகுதி நன்றாக இருந்த காலத்தில் வந்து சேர்ந்த ஒரு விதவை, தன் சிறு வீட்டைக் கண்ணாடி போல வைத்திருந்தார். புதிதாகக் குடியேறியவர்களோடு ஒட்டவில்லை. வார்டின் சுகாதாரத்துக்காக நடந்த எந்த முயற்சியிலும் சேரவில்லை. மகள்கள் இருவரும் வெளியூரில் கல்லூரிப் படிப்பு. ஒரு ஜூன் மாதம் விடுமுறைக்கு வந்த இருவருக்கும் டைபாய்டு. ஒரு பெண் இறந்துபோனாள். தாயின் சுத்தம் அந்த வீட்டு வாசலோடு நின்றது.

கணக்கெடுப்பும் புள்ளிகளும்

ஹாமில்டனோடு ஹல் ஹவுஸில் தங்கியிருந்த இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். சுமார் 2,000 வீடுகளின் கழிவு வசதியைப் பார்த்து வகைபிரித்தார்கள். ஒழுங்கான குழாய் அமைப்புள்ளது, அமைப்பு இருந்தும் பழுதானது, வெளியே கழிப்பறை இருந்து சாக்கடையோடு இணைந்தது, இணைப்பே இல்லாத வெறும் குழி என்று. சட்டம் கேட்ட அளவுக்கு வசதி இருந்தது பாதிக்கும் குறைவான வீடுகளில்தான். பிறகு டைபாய்டு வந்த வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, கழிவு அகற்றும் வசதி மிக மோசமாக இருந்த தெருக்களில் புள்ளிகள் அதிகம். அந்தத் தெருக்காரர்கள் வார்டிலேயே பரம ஏழைகளா என்றால், இல்லை. மற்ற தெருக்களைவிட ஏழ்மை கூடவோ குறையவோ இருந்தாலும் இந்தப் போக்கு மாறவில்லை. 'ஏழ்மைதான் காரணம்' என்ற பொத்தாம்பொதுப் பதிலை வரைபடம் உடைத்தது இங்கேதான். ஏழ்மையை ஓர் ஆண்டில் ஒழிக்க முடியாது. குழிக் கக்கூஸை மூடிச் சாக்கடையோடு இணைக்க முடியும், அதற்குச் சட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. சுகாதார ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும் ஒரு வரைபடத்திடமிருந்து நான் எதிர்பார்ப்பது இதைத்தான். பொதுவான துயரத்தை ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் வேலையாக மாற்றித் தருவது.

எடுத்த முடிவும் அதன் நியாயமும்

குழிக்கும் நோய்க்கும் நடுவில் ஏதோ ஒரு வழி இருக்க வேண்டுமே? சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்பெயின்-அமெரிக்கப் போரின்போது இராணுவ முகாம்களில் டைபாய்டு பரவியதில் ஈக்களுக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். ஹாமில்டனுக்கு அந்த நினைவு வந்தது. மூன்று பெண்களும் ஈப் பிடிக்கக் கிளம்பினார்கள். சாக்கடை இணைப்பில்லாத கக்கூஸ்கள், கொல்லை வேலிகள், வீட்டுச் சுவர்கள், ஒரு டைபாய்டு நோயாளி படுத்திருந்த அறை. பிடித்த ஈக்களை ஊட்டக் கரைசல் இருந்த சோதனைக் குழாய்களில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டுக் குழாய்களில் ஐந்தில் டைபாய்டுக் கிருமி கிடைத்ததாக ஹாமில்டன் அறிவித்தார்.

1903 தொடக்கத்தில் சிகாகோ மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அது பிப்ரவரியில் வந்தது. ஹல் ஹவுஸ் தன் வரைபடங்களோடு தனி அறிக்கையும் வெளியிட்டது.

இந்த முடிவை இப்போது உட்கார்ந்து கேலி செய்வது சுலபம். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான். வரைபடம் கக்கூஸைக் காட்டியது, முந்தைய ஆய்வு ஈயைக் காட்டியது, ஆய்வகம் கிருமியைக் காட்டியது. மூன்றும் ஒரே பக்கம் கை நீட்டின. கேட்டவர்களுக்கும் எளிதாகப் புரிந்தது. ஜன்னலுக்கு வலை போட்ட வசதியான வீடுகளில் ஏன் நோய் குறைவு என்பதற்கும் சேர்த்தே விடை சொன்னது. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் விடை சொல்லும் காரணத்தைக் கண்டால்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். யாரும் நிற்கவில்லை.

என்ன நடந்தது

சட்டத்துக்குப் புறம்பான இத்தனை கக்கூஸ்கள் வீதிக்கு வீதி நிற்கின்றன என்றால் நகராட்சி ஆய்வாளர்கள் ஒன்று கண்ணை மூடியிருக்க வேண்டும், இல்லை வீட்டுக்காரர்கள் அவர்களைக் 'கவனித்திருக்க' வேண்டும். அறிக்கை வந்த பிறகு இந்தக் கேள்வி பெரிதாகி, சுகாதாரப் பிரிவின் ஊழியர்களில் பாதிப் பேர் மீது குடிமைப் பணி வாரியத்தில் விசாரணை நடந்தது. நீண்ட விசாரணை. முடிவில் மொத்தம் இருபத்து நான்கு பேரில் பதினோரு பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சுகாதாரத் துறை மாற்றியமைக்கப்பட்டது. வாடகைக் குடியிருப்புகளைச் சோதிக்கும் பிரிவுக்கு வல்லுநர் ஒருவர் பொறுப்பேற்றார்.

ஹல் ஹவுஸ் பகுதியின் ஆய்வாளர் ஒரு வயதானவர். நல்ல மனிதர் என்றே ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். தான் செய்ததில் என்ன குற்றம் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. 'வீட்டுக்காரர் ரொம்ப ஏழை', 'வீட்டை விற்கப்போகிறார்', 'எப்படியும் இடித்துவிட்டுத் தொழிற்சாலை வரப்போகிறது, அவரை ஏன் சும்மா சிரமப்படுத்த வேண்டும்?' இப்படித்தான் அவர் ஒவ்வொரு மனைக்கும் யோசித்திருக்கிறார். விசாரணை முடிந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார், தன்னைப் பழிவாங்கிவிட்டார்கள் என்ற எண்ணத்தோடே. நேர்மையில்லாதவர்களை அடையாளம் காண்பது எளிது. இந்த மாதிரி இரக்கக்காரரின் இரக்கம் முழுவதும் வீட்டுக்காரர் பக்கமே விழுவதை, புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்காமல் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு சலுகையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

பின்னால் தெரிந்தது

பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு ஹாமில்டனுக்கு ஒரு செய்தி தெரியவந்தது. 19-ஆவது வார்டுக்குத் தண்ணீர் தந்த ஹாரிசன் தெரு நீரேற்று நிலையத்தில் ஓர் உடைப்பு ஏற்பட்டு, சாக்கடை குடிநீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறது. கண்டுபிடித்து அடைக்கும் வரை மூன்று நாள் அந்தப் பகுதி முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது. சுகாதார வாரியத்துக்கு இது தெரியும். வெளியே சொல்லத் துணியவில்லை.

தொற்றுக்கு ஈக்கள் காரணம் இல்லை, அல்லது இருந்தாலும் மிகக் குறைவு என்று அவரே பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதினார். அவருடைய வேறு எந்த ஆய்வுக்கும் கிடைக்காத பாராட்டு அந்த ஈக் கட்டுரைக்குக் கிடைத்தது. கூட்டத்துக்குப் போகும் இடமெல்லாம் தலைவர் எழுந்து ஈக் கதையை உருக்கமாகச் சொல்லி வரவேற்பார். அது அப்படியில்லை என்று இவர் எழுந்து விளக்குவார். இப்படிப் பல ஆண்டுகள்.

இதில் என்னை உறுத்துவது ஈ பற்றிய தவறு அல்ல. நடவடிக்கை யார் மேல் பாய்ந்தது என்பதைப் பாருங்கள். தெருவில் நடந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கீழ்மட்ட ஆய்வாளர்கள் வேலை இழந்தார்கள். நீரேற்று நிலைய உடைப்பையும், அதை மூடிமறைத்ததையும் பற்றிப் பெரிய பேச்சே எழவில்லை. கக்கூஸும் ஈயும் வீட்டுக்காரரையும் ஆய்வாளரையும் காட்டின. உடைந்த குழாய் சுகாதார வாரியத்தையே காட்டியிருக்கும். வரைபடம் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் பதில் இருந்த ஆவணம் வாரியத்தின் கையில் இருந்தது.

அந்த வார்டின் மேல் இருந்த அநீதி இதனால் பொய்யாகிவிடாது. குழிகள் இருந்தன, சாக்கடை இணைப்பு இல்லை, சட்டம் இருந்தும் நடக்கவில்லை. தண்ணீரில் நுழைந்த நோய் அப்படிப்பட்ட கொல்லைகளில் கையிலிருந்து கைக்குத் தாவ எல்லா வசதியும் இருந்தது. 1903-இல் வென்ற சீர்திருத்தம் தேவையான சீர்திருத்தமே. சிகாகோ குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியது 1912-இல்.

இன்று இதே வேலையைச் செய்தால்

முதலில் குடிநீர்க் குழாய் செல்லும் பாதையை வரைபடத்தில் போடுவேன். நீரேற்று நிலையம், எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய், வால்வு எங்கே, சாக்கடையைக் குழாய் எங்கே கடக்கிறது. 'நகரம் முழுவதற்கும் ஒரே தண்ணீர்' என்பது ஏரிக்குத்தான் உண்மை. குழாய் பிரிந்த இடத்திலிருந்து ஒவ்வொரு தெருவின் தண்ணீரும் வேறு. நம் ஊர்களில் மழைக்காலத்து மஞ்சள் காமாலைக்கும் வாந்திபேதிக்கும் இதுவேதான் பொருந்தும். குழாய்ப் படத்தை அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வராது. அப்போது தெருக்காரர்களையும் குழாய் திறந்துவிடும் ஆளையும் உட்கார வைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லலாம். திறந்துவிடுகிறவருக்குத் தெரியாத வால்வு இருக்காது.

அடுத்தது நாள். புள்ளி வரைபடத்தில் இடம் தெரியும், காலம் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேட்டு, நாள்வாரியாக அடுக்க வேண்டும். தண்ணீரில் மூன்று நாள் மட்டும் சாக்கடை கலந்திருந்தால், டைபாய்டு வெளிப்பட ஆகும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குப் பிறகு எண்ணிக்கை சட்டென்று எகிறி, பின் இறங்கும். ஈயும் குழிக் கக்கூஸும் என்றால் கோடை முழுக்க இழுத்துக்கொண்டே போகும். தேதியோடு இன்னொரு கேள்வியும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: குழாய்த் தண்ணீர் எந்த நாளிலாவது கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்ததா?

மூன்றாவது, ஒப்பீடு. இதே மாதிரிக் குழிக் கக்கூஸ் உள்ள, ஆனால் வேறு நீரேற்று நிலையத்திலிருந்து தண்ணீர் வாங்கும் ஒரு வார்டையும் அதே படிவத்தில் எடுத்திருந்தால் ஈக் கோட்பாடு அங்கேயே தடுமாறியிருக்கும். புள்ளிகளை எண்ணும்போது குடித்தன எண்ணிக்கையால் வகுத்தும் பார்க்க வேண்டும். ஒரு மனையில் மூன்று வீடு இருக்கும் தெருவில் புள்ளிகள் அதிகம் விழத்தான் செய்யும்.

யார் நடந்து குறித்தது என்பதையும் விட்டுவிட முடியாது. குப்பைக்குச் சந்து சந்தாக நடந்தவர்களில் அந்த வார்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். 1902-இல் அந்த வேலை மூன்று ஹல் ஹவுஸ் பெண்களின் கையில் இருந்தது. தண்ணீரைத் தினமும் பிடித்துத் தூக்கியவர்கள் அந்த வார்டுப் பெண்கள்தான். வரைபடத்தை முதலில் அவர்கள் முன்னால் விரித்து, 'இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?' என்று கேட்டபிறகே மருத்துவச் சங்கத்துக்குப் போவேன்.

நோயாளி வீடுகளைக் குறித்த தாளை வெளியே காட்ட மாட்டேன். பொதுவில் வைப்பது தெரு அளவிலான வரைபடம் மட்டும். புலம்பெயர்ந்தோரைப் பார்த்து 'அசுத்தமானவர்கள்' என்று ஏற்கெனவே முகம் சுளித்த நகரத்தில், வீட்டு எண்ணோடு புள்ளி வைத்த படம் யார் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, துறையிடம் கேட்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலை வரைபடம் போடத் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுப்பேன்: கடந்த மூன்று மாதத்தின் குழாய் உடைப்புப் பதிவேடு, பழுதுபார்த்த தேதிகள், தண்ணீர்ச் சோதனை முடிவுகள். தர மறுத்தால், மறுத்த தேதியும் அதிகாரியின் பதவியும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும்.